குளிரின் மீது ஒரு பழி

நீலகிரி மலையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி இறங்கும். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகமண்டலத்தைச் சுற்றி, தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில், விடியுமுன் புல்வெளியெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அந்நாள்களில் ஸுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வருவோர் தெருவெங்கும் ஓர் ஓசையைக் கேட்கலாம். கிளம்ப மறுக்கும் மோட்டார் சைக்கிள்களின் கிக்கரை மிதிக்கும் ஓசை அது. பத்து மிதி, இருபது மிதி, பின்னர் ஒரு பெருமூச்சு, அதன்பின் ஒரு தீர்ப்பு: "குளிரு பிடிச்சிருச்சு, வெயில் வரட்டும்!"

இத்தீர்ப்பைப் பற்றியே சில சொற்கள் எழுத விழைகிறேன். வண்டியின் நுட்பம் எனக்குத் தொழில் அன்று. அரபும் தமிழும் ஓதி, அவற்றையே ஓதிக்கொடுத்து வருகிறவன் நான். ஆயினும், மதரஸாவில் நாங்கள் ஓதும் உஸூலுல் ஃபிக்ஹு என்னும் சட்ட மூலக் கலையில், காரணம் காணும் வழியொன்று உண்டு. 'அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்' என்று அதற்குப் பெயர். காரணமாக இருக்கத்தக்க அனைத்தையும் முதலில் வகுத்து வரிசைப்படுத்துவது தக்ஸீம்; பின்னர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாதவற்றைத் தள்ளுவது ஸப்ர். மது ஏன் விலக்கப்பட்டது? அதன் நிறமா, நீர்மையா, திராட்சையில் பிறந்ததா, போதையா? நிறமும் நீர்மையும் ஆகுமான பானங்களிலும் உள்ளன. திராட்சையில் பிறந்த காடியோ ஆகுமானது. ஆகவே, எஞ்சி நிற்கும் போதையே காரணம். அதனை 'இல்லத்' என்போம்.

தமிழில் எழுதும்போது இரண்டு ஸப்ருகளும் ஒன்றாகவே தோன்றும். அரபியில் அவை வேறு. ஸாத் எழுத்தில் தொடங்குவது பொறுமை. அதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். ஸீன் எழுத்தில் தொடங்குவதோ, புண்ணின் ஆழத்தைக் கருவி விட்டு அளந்து பார்த்தல். முன்னதை வைத்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருப்போர் பலர். பின்னதைக் கையில் எடுப்போர் சிலரே.

இனி, குளிர் மெய்யாகவே என்ன செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: சரியான அளவில் காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி, அதனை இறுக்கும் அழுத்தம், உரிய நொடியில் ஒரு தீப்பொறி. குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. துளித்துளியாகக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கார்புரேட்டர் வண்டிகளில் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலின் விகிதத்தை மிகுவிக்கிறோம். ஆயிலும் தடித்துப் போவதால் எஞ்சின் சுழலச் சிரமப்படும். பாட்டரியின் வலிமையும் குறையும். மலையில் இன்னொன்றும் சேர்கிறது. இவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான். சமவெளிக்கு ஏற்ப அமைத்த கார்புரேட்டர் இங்கே தானாகவே பெட்ரோலை மிகுதியாகக் கொடுக்கும். எனவே சோக்கை இழுத்தபடியே விடாது மிதித்தால் பிளக் நனைந்து போகும். அதன்பின் வண்டி கிளம்பாததற்குக் காரணம் குளிர் அன்று, மிதித்தவரே. அப்போது பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கைத் தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகிப் பிடித்துச் சில முறை மிதித்தால், மிகுந்த பெட்ரோல் வெளியேறிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். நகரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளின் பிள்ளைகளுக்குக் காலை மக்தபு நடத்தி வந்தேன். சாவி என்னிடம் இருந்தது. நான் போய்த் திறக்காவிட்டால் இருபதுக்கு மேற்பட்ட சிறுபிள்ளைகள் பனியில் வெளியே நிற்க வேண்டும். அன்று என் பழைய கார்புரேட்டர் வண்டி கிளம்பவில்லை. அதற்கு முந்திய இரு நாள்களும் இதே கதைதான்; வெயில் ஏறியபின் ஒன்றும் அறியாததுபோல் கிளம்பிற்று. அண்டை வீட்டு இளைஞர், "ஹஸ்ரத், இது குளிருதான். எட்டு மணிக்குத் தானா கிளம்பும் பாருங்க" என்றார்.

"தம்பி, உங்க வண்டியும் ராத்திரி பூரா இதே தெருவிலதானே நின்னுச்சு? அது மட்டும் எப்படிக் கிளம்புச்சு?" என்று கேட்டேன். குளிர்தான் இல்லத் என்றால், தெருவில் நின்ற எல்லா வண்டிகளும் அன்றோ நின்றிருக்க வேண்டும்?

வகுத்துப் பார்த்தோம். டாங்கில் பெட்ரோல் இருந்தது, டேப் திறந்திருந்தது. பிளக்கைக் கழற்றினால் ஈரமும் பெட்ரோல் வாடையும். எனவே பெட்ரோல் வந்து சேர்கிறது, அது காரணமன்று. துடைத்துக் காய வைத்து மீண்டும் பூட்டினோம். கிக்கரை அழுத்தினால் காலை எதிர்த்துத் தள்ளியது. அழுத்தம் இருக்கிறது, அதுவும் அன்று. ஹாரன் ஓங்கி ஒலித்தது. பாட்டரியின் மீதும் குறையில்லை. எஞ்சியது தீப்பொறி. இன்னும் இருட்டு விலகவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, தம்பியை மிதிக்கச் சொல்லி, நான் குனிந்து பார்த்தேன். பிளக்கின் தலையில் மாட்டும் ரப்பர் மூடியின் பக்கவாட்டிலிருந்து எஞ்சினின் இரும்பை நோக்கி ஒரு நீல நூல் ஓடி மறைந்தது. பழமையால் மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு. அதில் பனி ஈரம். உள்ளே போக வேண்டிய மின்சாரம் வெளியே கசிந்து போயிற்று. உலர்ந்த துணியால் மூடியையும் வயரையும் அழுந்தத் துடைத்தோம். மூன்றாம் மிதியில் வண்டி கிளம்பிற்று.

வெயில் வந்தால் கிளம்பியதன் மர்மமும் விளங்கிற்று. வெயில் எஞ்சினைச் சூடாக்கியதால் அன்று, வெடிப்பை உலர்த்தியதால்! அன்று மாலையே மூடியை மட்டும் மாற்றினேன். ஆயிலையோ பிளக்கையோ மாற்றவில்லை. இரண்டை ஒருசேர மாற்றினால், குணம் எதனால் வந்தது என்று ஒருபோதும் தெரியாது. மறுவாரம் அதைவிடக் கடும்பனி. வண்டி தடையின்றிக் கிளம்பிற்று. காரணம் இருக்க விளைவும் இருப்பதையும், காரணம் நீங்க விளைவும் நீங்குவதையும் சேர்த்து எங்கள் கலையில் 'தவரான்' என்பர். சட்ட அறிஞர்கள் இல்லத் வேறு, 'ஷர்த்து' எனும் நிபந்தனை வேறு என்று பிரித்துக் காட்டுவதன் அருமையும் அப்போது புலனாயிற்று. குளிரும் பனியும் நிபந்தனை, வெடிப்பே காரணம். நிபந்தனையை நம்மால் மாற்ற முடியாது. காரணத்தை மாற்றலாம்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்துள்ள பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை; எஞ்சினின் வெப்பத்தை உணர்ந்து பெட்ரோலைத் தானே அளந்து தெளிக்கும் அமைப்பு உண்டு. அவற்றில் சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி பொறுத்து, பெட்ரோல் பம்பின் மெல்லிய ஓசை அடங்கியபின் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் அழுத்தாமல், இடையே ஓய்வு தர வேண்டும். இவ்வகை வண்டிகளில் முதலில் ஐயுறத் தக்கது பாட்டரி; முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கையில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். எந்த வண்டியானாலும் எஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றுவதும், மூடிய அறைக்குள் ஓடவிட்டு வைப்பதும் உயிருக்கே ஆபத்து.

அன்று கால் மணி நேரம் தாழ்ந்து மக்தபைத் திறந்தேன். அங்கே படித்த சிறுவன் ஒருவனைப் பற்றியும் ஊரில் ஒரு தீர்ப்பு இருந்தது: "குளிருன்னா இவனுக்குச் சோம்பல், ஓதல் ஏறாது." ஆனால் குளிர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவன்றோ? அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒருநாள் தெளிவாக ஓதுவான். மறுநாள் நாக்கு தடுமாறும், விரல் எழுத்தின்மீது நில்லாது. பசியா என்று பார்த்தேன். இரு நாளும் உண்டுதான் வந்தான். உறக்கமா என்று பார்த்தேன், அதுவும் அன்று. பத்து நாள் கழித்தே கண்ணில் பட்டது. ஓதும் நாளில் அவன் உடம்பில் ஒரு பச்சை ஸ்வெட்டர். தடுமாறும் நாளில் அதே ஸ்வெட்டர் அவன் அண்ணன் உடம்பில். வீட்டில் இருந்தது ஒன்றே. கதவோரத்தில் அமர்ந்து நடுங்கிக்கொண்டே ஓதியவனை நாம் சோம்பேறி என்றோம்.

ஜமாஅத்தாருள் ஒருவர் தம் பெயர் வெளியே வரலாகாது என்று சொல்லி இன்னொரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தார். அதன்பின் அச்சிறுவன் நாள்தோறும் ஒரே சீராக ஓதினான். கதவோரத்து இடத்தை நான் மாற்றவில்லை. அங்கேயே அமர்ந்துதான் அம்ம ஜுஸ்உவை ஓதி முடித்தான்.

பழி சுமத்துமுன் காரணத்தை அளந்து பார்க்கும் கண்ணையும், அளக்கும் வரை பொறுக்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக! ஆமீன்.