ஐசி போட்டுது

போன செமஸ்டரில் ஒருநாள் என்ர போன் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. கண்டியில் ஒரு திருத்துற கடைக்குக் கொண்டு போனேன். கடைக்கார அண்ணா கழற்றிப் பார்த்துவிட்டு, "சார்ஜிங் ஐசி போயிருச்சு தம்பி, 4,500 ஆகும்" என்றார். கையில் அவ்வளவு காசில்லை. ரூம்மேட்டின் போனிலிருந்து அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: "அம்மா, என்ர ஐசி போட்டுது. 4,500 ரூபா அனுப்புங்கோ."

அடுத்த நிமிடம் கோல். "எங்க துலைச்சனி? பஸ்ஸிலயோ? பொலிசில என்ட்ரி போட்டனியோ?" குரல் நடுங்கியது. அது போனுக்குள்ள இருக்கிற ஐசி எண்டு விளங்கப்படுத்தவே ஐந்து நிமிடம் போனது. ரூமில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அம்மா சிரிக்கவில்லை.

கடைக்காரரின் ஐசி இன்டகிரேட்டட் சேர்கிட். 1958இல் அமெரிக்காவில் ஜாக் கில்பி முதலில் இயக்கிக் காட்டிய சாமான். அம்மாவின் ஐசி ஐடென்டிற்றி கார்ட். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தால் வந்து, 1972இலிருந்து சனத்தின் கைக்குக் கிடைத்தது. மலேசியத் தமிழரும் இதை ஐசி என்றுதான் சொல்வார்கள். அங்கே அது 1948இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்தோடு வந்தது. யார் யாரெண்டு பிரித்துப் பார்க்கத்தான் அட்டை.

எனக்கு ஐசி என்றால் ஓஎல் சோதனையில் மேசை மூலையில் அட்மிஷன் கார்டோடு வைக்கிற ஒன்று. 12 இலக்கம், பாடமாக்கக் கஷ்டம், அவ்வளவுதான். அம்மாவினது பழைய அட்டை: ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு 'வி'யும். பெண் என்பதால் பிறந்த நாளின் கணக்கோடு 500 கூட்டியிருக்கும். அதைப் பார்த்தால் அம்மா எந்த நாள் பிறந்தவ என்று யாரும் சொல்லிவிடலாம்.

லீவுக்குப் போனபோது கேட்டேன், ஏன் அப்பிடிப் பதறினீங்கள் என்று. "பேரை வாசிச்சிட்டு, பிறந்த இடத்தைப் பாப்பாங்கள். அதுக்குப் பிறகுதான் முகத்தைப் பாப்பாங்கள்" என்றா.

2007 ஜூனில் என்னை மருந்தெடுக்கக் கொழும்புக்குக் கூட்டிப்போய் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நின்றிருக்கிறா. எனக்கு நாலு வயது. அந்த மாதம்தான் லொட்ஜ்களில் நின்ற தமிழர் நூற்றுக்கணக்கானோரை பஸ்ஸில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். விடியப்புறம் கதவைத் தட்டி ஐசி கேட்டார்களாம். அம்மாவிடம் ஐசியோடு என்ர கிளினிக் துண்டும் இருந்தது, விட்டுவிட்டார்கள். பக்கத்து அறை அம்மம்மாவிடம் ஐசி இருந்தது, துண்டு இல்லை. அவவின்ர செருப்பு வாசலிலேயே கிடந்ததாம். இதை அம்மா எனக்கு இதுக்கு முதல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன் இப்ப வேலை செய்கிறது. அம்மா 4,500 இல்லை, 5,000 அனுப்பியிருந்தா. மிச்சம் 500ஐ என்ன செய்ய என்று கேட்டேன்.

"ஐசியை ரெண்டு போட்டோக்கொப்பி அடிச்சு வை. ஒண்டை ரூமில, ஒண்டை பேக்குக்குள்ள."