ஆளுக இல்லாத எடம்

பேட்டரி செத்துவிட்டது. அடாப்டர் வயரைச் சொருகி, பக்கவாட்டுத் திரையைத் திறந்ததும் கேமரா முதலில் தேதியைக் கேட்கிறது. பல வருடம் சார்ஜ் இல்லாமல் பீரோவில் கிடந்ததில் உள்ளே இருக்கும் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. எட்டாவது படிக்கிற பெண் தேதியைத் தட்டிவிட்டு, எச்.டி.எம்.ஐ. வயரின் சின்ன முனையைக் கேமராவிலும் பெரிய முனையை டிவியிலும் மாட்டுகிறாள்.

கீரமங்கலத்தை ஒட்டிய கிராமம். ஓட்டு வீடு. பட்டாசாலையில் பாய் விரித்து அப்பத்தா, அத்தை, அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அய்யாவுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. வந்த எனக்கு ஒரு செம்பு தண்ணீரும், தூண் ஓரமாக இடமும் கொடுத்துவிட்டார்கள். பிறகு யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கேமரா உள்ளங்கைக்குள் அடங்குகிறது. கால் கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். கையை நுழைத்துக்கொள்ள ஒரு பட்டை, கட்டைவிரல் படுகிற இடத்தில் பதிவுப் பொத்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் சித்தப்பா, 2012இல் லீவில் வந்தபோது அங்கே முஸ்தபா கடையில் வாங்கி வந்தது. அதற்கு முன்னால் இந்தப் பக்கம் வீடியோ என்றால் கல்யாண வீட்டுக்கு ஸ்டுடியோக்காரர் தோளில் தூக்கி வரும் பெரிய கேமரா, கண்ணைக் கூசவைக்கும் லைட், அந்த லைட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கும் பையன். ஒரு கேசட்டைப் பிரதி எடுத்து, சிங்கப்பூர் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். மாலை போட்டவர், சீர்த்தட்டு தூக்கியவர், மொய் எழுதியவர் எல்லோரும் அதில் இருப்பார்கள். மாட்டுக்கொட்டகை இருக்காது. தோப்பு இருக்காது.

டிவியில் 2013 வைகாசி. வாசலில் பந்தல். காதுகுத்து. தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு வயசுக் குழந்தை, வாயில் சீனி. ஆசாரி காதை நீவிவிடுகிறார். கம்பி இறங்கியதும் வீடே அதிர்கிற அழுகை.

“என்னா கத்துக் கத்துன!” என்கிறார் அப்பத்தா. இப்போது எட்டாவது படிக்கிறவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

சித்தப்பாவுக்குக் கை நிற்கவில்லை. புதுக் கேமரா வாங்கிய எல்லோருக்கும் வருகிற அவசரம். ஆசாரியிடமிருந்து தாய்மாமனுக்கு, அங்கிருந்து பந்தலுக்கு, பந்தலிலிருந்து சமையல் அண்டாவுக்கு என்று வீசி வீசி எடுத்திருக்கிறார். வீசும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாகக் கலங்குகிறது. சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் பதிகிற கேமரா இது. ஒவ்வொரு படத்தையும் முழுசாக எழுதாது. முந்தைய படத்திலிருந்து மாறிய இடத்தை மட்டும் எழுதி, மிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால்தான் 16 ஜிபி கார்டில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. கேமராவை ஆட்டினால் எல்லா இடமும் மாறுகிறது. அத்தனையையும் எழுத அதற்கு இடம் போதாது. வீட்டு வீடியோ எடுக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லித்தர வேண்டும் என்றால் இதைச் சொல்லலாம்: கையைக் கட்டிப்போடுங்கள், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

அடுத்த கிளிப்பில் சித்தப்பா அதைத் தெரியாமலேயே செய்திருக்கிறார். பந்தியில் பரிமாற ஆள் போதவில்லை என்று யாரோ கூப்பிட, கேமராவைத் திண்ணைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பொத்தானை அமுக்க மறந்துவிட்டார். இந்தக் கேமராவுக்கு அடிப்பக்கம் தட்டை, வைத்தால் நிற்கும். திரையில் சிமெண்டுத் தொட்டி, தொட்டி விளிம்பில் ஒரு போணி, அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு. ஒரு கோழி குறுக்கே போகிறது. யாரோ கை கழுவ வந்துவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஆளே இல்லை.

பெண் அடுத்ததற்குத் தாவப் போகிறாள்.

“ஓட்டாத தாயி. இருக்கட்டும்.”

அய்யா நாற்காலியை விட்டு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். விரல் கண்ணாடியில் படாமல் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். “இது எங்கய்யா வச்ச நெட்டை. இந்தா, இது பேராவூரணியிலேருந்து வாங்கியாந்த நாத்து, ரெண்டு வண்டியில வந்துச்சு. இது செவ்வெளநி. மூணு கொலை தள்ளிருக்கு பாரு. இதுல ஏறுறதுக்கு வெட்டுன படி இந்த உசரத்தோட நிக்கும், அங்கேருந்து வழுக்கி ஒருத்தரு விழுந்தாரு, அதுக்கப்புறம் அதுல வெட்டல.”

அடிமரத்தில் அந்த வெட்டு தெரிகிறது. படிக்குப் படி எண்ண முடிகிறது. ஒரு படத்துக்கு 1920க்கு 1080 புள்ளி, மொத்தம் 20 லட்சத்துக்கு மேல். அதற்கு முந்தின டேப் கேமராக்களில் 4 லட்சம்தான். இந்தத் தோப்பு அதில் பச்சைப் பாசி படர்ந்தது மாதிரி தெரிந்திருக்கும். எந்த மரம் யார் வைத்தது என்று விரல் நீட்ட இடம் இருந்திருக்காது.

படத்தை விடச் சத்தம் இன்னும் நெருங்கி வருகிறது. இந்த மாதிரிக் கேமராக்களில் மைக்கின் அளவைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் பேச்சு இருந்தால் குறைத்துக்கொள்ளும். பேச்சு அடங்கினால், கிடைக்கிற சின்னச் சத்தத்தைத் தானாகவே தூக்கிவிடும். ஆட்கள் பந்திக்குப் போனதும் மட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மெல்ல ஏறி ஏறி, டிவியின் இரண்டு ஸ்பீக்கரையும் நிறைக்கிறது. அத்தை தலையைத் திருப்பி வாசலைப் பார்க்கிறார்.

வாசலுக்கு வெளியே அந்தத் தோப்பு இல்லை. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் அதைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய காற்று, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி என்று தென்னை, பலா, வாழை ஒன்றையும் விடாமல் சாய்த்துக்கொண்டு திண்டுக்கல் பக்கம் போனது. பல நாள் கரண்ட் இல்லை. அரசாங்கம் ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. அதில் 600 மரத்துக்கு, 500 அதை வெட்டி அப்புறப்படுத்த. கணக்கெடுக்க வருகிறவர்களிடம் காட்ட, விழுந்து கிடந்த மரங்களை இந்த வீட்டிலும் போனில் படம் எடுத்து வைத்தார்கள். செத்துப்போன பெரியவர்களுக்குப் பட்டாசாலைச் சுவரில் மாலை போட்ட போட்டோ இருக்கிறது. நின்றுகொண்டிருந்த மரத்துக்கு யார் போட்டோ எடுத்தார்கள்?

“ஆளுக இல்லாத எடத்தை இன்னொருக்கா போடு தாயி.”

போடுகிறாள்.

மற்ற கிளிப்புகள் வேகமாகப் போகின்றன. ஒரு மாசி மகத்துக்குக் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். 30 அடிக்கு மேல் நிற்கிற குதிரை, கழுத்து தெரியாதபடி காகித மாலை. ஒரு மொய் விருந்து; இலை, கறிக்குழம்பு, நோட்டு எண்ணும் கை. இரண்டையும் யூடியூபில் எத்தனையோ பேர் ஏற்றியிருக்கிறார்கள். தொட்டிக்குப் பின்னால் நின்ற தோப்பை யாரும் ஏற்றியிருக்க முடியாது.

இப்போது இந்த வீட்டில் போன் இல்லாத ஆள் அய்யா மட்டும்தான். ஆனால் போன் அவரவர் பைக்குள் இருப்பது. அரை நிமிஷத்துக்கு மேல் யாரும் பிடிப்பதில்லை. சாய்த்து வைக்க ஏதாவது வேண்டும். அழைப்பு வந்தால் கையில் எடுத்துவிட வேண்டும். திண்ணையில் வைத்துவிட்டு மறந்துபோக ஒரு வீட்டுக்கு ஒரு கேமரா வேண்டும். பழசாகிவிட்டது என்று இதைக் கழித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பெண் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போடுகிறாள். சித்தப்பாவிடம் போனில் பேசியதில், வேண்டிய கிளிப்பை மட்டும் உருவாமல் முழு ஃபோல்டரையும் அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் போடச் சொல்லியிருக்கிறார். நீளமாக எடுத்ததைக் கேமரா துண்டு துண்டாகத்தான் சேமிக்கும். அந்தத் துண்டுகளைச் சரியாக ஒட்டிக்காட்டும் விவரம் அந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது. இரண்டு இடத்தில் பிரதி வைக்கச் சொன்னதும் நல்லது. இத்தனை வருடம் அந்த ஒரே கார்டை நம்பித்தான் தோப்பு இருந்திருக்கிறது. அவசரத்துக்கு ஒன்றை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தார்கள். சுருங்கிப்போய், மட்டைகள் கலங்கிவிட்டன. டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பச் சொல்லிவிட்டார் சித்தப்பா.

கார்டு திரும்பக் கேமராவுக்குள் போகிறது. அடாப்டர் வயர் வாசல்வரை எட்டாது. ஜங்ஷன் பாக்ஸ் தேடி எடுத்துவந்து, திண்ணைச் சுவர்மேல் கேமராவை வைக்கிறாள். புயலுக்கு அடுத்த வருடம் வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே குலைகள்.

“சத்தமும் விழுமா தாயி?”

“விழும் அய்யா. நீங்க பேசாம இருந்தா இன்னும் நல்லா விழும்.”

அய்யா தொட்டிக்கு அந்தப் பக்கம் போய், முதல் வரிசையில் மூன்றாவது கன்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அது எந்த மரத்து நெத்துக்காயிலிருந்து போட்டது என்று கேமராவைப் பார்த்து உரக்கச் சொல்ல ஆரம்பிக்கிறார்.