பத்தாவது மாடியில் ஆடிய ஊஞ்சல்

2012 ஏப்ரல் 11. சென்னையில் மகன் வாடகைக்கு இருந்த பதினைந்து மாடிக் கட்டடத்தின் பத்தாவது மாடி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலை சுற்றியது. பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டோமோ என்று நிமிர்ந்தால், கூடத்து ஊஞ்சல் தானாக ஆடுகிறது!

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். தெருவெல்லாம் கூட்டம். வாசலில் துணி தேய்த்துக்கொண்டிருந்த பெரியவரோ, "எனக்கு ஒண்ணுமே தெரியலையே சார்" என்றார். சுமத்ரா அருகே கடலடியில் 8.6 அளவு நிலநடுக்கம் என்று பிறகு டி.வி.யில் சொன்னார்கள்.

முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவன் என்பதால் அவருக்கு விளக்கினேன். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால், குழந்தை தள்ளினாலும் ஆட்டம் ஏறும். கட்டடத்துக்கும் சொந்தத் தாளம் உண்டு. மாடிக்குப் பத்தில் ஒரு விநாடி என்பது எங்கள் தோராயக் கணக்கு. பதினைந்து மாடி ஒருமுறை ஆடித் திரும்ப ஒன்றரை விநாடி. தொலைதூர நிலநடுக்கத்தின் வேகமான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவான அலைகள்தான் வந்து சேரும். அவை உயரமான கட்டடத்தைத்தான் ஆட்டும்.

மண்ணுக்கும் தாளம் உண்டு. மெக்சிகோ நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப் படுகை. 1985 செப்டம்பர் 19 அன்று 350 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கரையோரம் நிலம் நடுங்க, இந்த ஏரிக் களிமண் சுமார் இரண்டு விநாடிக்கு ஒருமுறை பெரிதாக ஆடியது. ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்களுக்குத்தான் அதிக அடி. விரிசல் விடவிட அவற்றின் ஆட்டம் மெதுவாகி, மண்ணின் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. சிறு வீடுகள் பெரும்பாலும் தப்பின. களிமண்ணைத் தாண்டி, கெட்டி மணல்வரை பைல் இறக்கிக் கட்டிய 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரமும் நின்றது.

அந்தச் சமயம் மகன் சொந்த வீடு பார்த்துக்கொண்டிருந்தான். ஏரியைத் தூர்த்த இடம். டைல்ஸ், லிஃப்ட் எல்லாம் காட்டினார்கள். மண் பரிசோதனை அறிக்கை கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார்?" என்றார்கள். அட்வான்ஸ் கொடுக்காதே என்றேன். இரண்டு மாதம் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்து வேறு இடம் பார்த்தபோது, எனக்கு முன்பாக அவனே அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தான். "படிச்சுச் சொல்லுங்கப்பா."

பிள்ளைகள் வீடு வாங்கும்போது பூஜையறை எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கீழே என்ன மண், அஸ்திவாரம் எத்தனை ஆழம் என்றும் கேளுங்கள்.