முன் கெமராவும் பாஸ்வேர்டும்



போன வாரம் என் தங்கச்சியின் போனுக்கு முன் கெமராவை வீட்டிலேயே மாற்றினோம் என்று ரெண்டு வரி போட்டிருந்தேன். அதற்குப் பிறகு இன்பொக்ஸில் வந்தவற்றில் பாதிக்கு மேல் சகோதரிகளின் மெசேஜ்கள். "டீச்சர், எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டவர்களைவிட, "டீச்சர், ஏன் கடையில குடுக்கல்ல?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, டேர்ம் டெஸ்ட் பேப்பர் கட்டு மேசையில் கிடக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வீட்டு விஷயங்களைத் தங்கச்சியிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில், ஏன்.

மச்சான் கட்டாரில். அவர் போகும்போது தங்கச்சிக்கு ஐந்து மாதம். மகளுக்கு இப்போது பத்து மாதம். வாப்பாவுக்கு மகளையும் மகளுக்கு வாப்பாவையும் தெரிந்ததெல்லாம் அந்தப் போனின் நெற்றியில் மிளகு அளவில் இருக்கும் கண்ணாடி வழியாகத்தான். முன் கெமரா என்றால் செல்ஃபி எடுக்கத்தானே என்று நினைப்போம். உண்மையில் அது போனுக்குள் வந்ததே முகம் பார்த்துப் பேசுவதற்கு. 1999 இல் ஜப்பானில் கியோசெரா கம்பனி வெளியிட்ட போனில் கெமரா முன்பக்கத்தில்தான் இருந்தது, வீடியோ கோலுக்காக. ஐபோனுக்கு முன் கெமரா வந்தது 2010 இல், ஐபோன் 4 இல். அதுவும் ஃபேஸ்டைம் பேசத்தான். ஆகவே வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டில் அது ஆடம்பரம் இல்லை. அந்த வீட்டின் ஜன்னல் அது.

ஒரு நாள் அந்த ஜன்னல் மூடிக்கொண்டது. "தாத்தா, அவருக்கு நான் கறுப்பாத்தான் தெரியிறேனாம்" என்றாள். பின் கெமரா வேலை செய்தது. அதனால் பிள்ளையைக் காட்ட முடிந்தது. தன் முகத்தைக் காட்ட அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, போனின் முதுகைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். கண்ணாடிக்குள் தெரியும் தங்கச்சியை மச்சான் பார்ப்பார். பாதி முகத்தைப் போனே மறைத்துக்கொள்ளும். கட்டாரில் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். மச்சான் டியூட்டி முடிந்து பேச வரும்போது இங்கே நடுச்சாமம் தாண்டிவிடும். அந்த நேரத்தில், நித்திரைக் கண்ணோடு, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் போன், முன்னால் கண்ணாடி.

முதல் வாரம் மச்சான் சிரித்தார். இரண்டாவது வாரம், "இன்னும் செய்யல்லயா?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் அவர் கேட்ட கேள்வியைத் தங்கச்சி என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டாள். "கெமரா உடஞ்சதா, இல்ல நீதான் மறைச்சி வெச்சிருக்கியா?"

மச்சான் கெட்டவர் அல்ல. ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்து, மாதக்கணக்கில் வீட்டைத் திரையில் மட்டும் பார்க்கும் ஒருவருக்குக் கறுப்புத் திரை என்ன என்ன கதை சொல்லும் என்று நாம் யோசிக்க வேண்டும். வெளிநாட்டில் கணவன் இருக்கும் எத்தனையோ வீடுகளில் சந்தேகம் இப்படிச் சின்ன விஷயத்தில்தான் முளைக்கிறது.

அப்போ கடையில் குடுத்திருக்கலாமே?

போனோம். அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு இறங்கி, ஒரு கடைக்குப் போனோம். கடையின் பேர் வேண்டாம், விஷயம்தான் முக்கியம். விலை சொன்னார்கள், அதில் பிரச்சினை இல்லை. "போனை வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க. பாஸ்வேர்டை இதில எழுதுங்க" என்று ஒரு துண்டை நீட்டினார்கள். தங்கச்சி என்னைப் பார்த்தாள். பேனையை எடுக்கவில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். வீட்டுக்குள் முக்காடு இல்லாமல் எடுத்த படங்கள். பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்தவை. கணவனுக்கு மட்டும் அனுப்பிய குரல் பதிவுகள். ஒரு தவறும் இல்லாத, ஆனால் வேறு எவரும் பார்க்கக் கூடாத ஒரு முழு வாழ்க்கை. அதன் திறப்பை ஒரு துண்டில் எழுதி, பேர் தெரியாத ஒருவரிடம் ஓர் இரவுக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

இது தேவையில்லாத பயம் என்று சொல்பவர்களுக்கு ரெண்டு விஷயம். அமெரிக்காவில் 2016 இல் ஒரு மாணவி தன் ஐபோனைத் திருத்தக் கொடுத்தார். ஆப்பிளுக்காக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தின் திருத்துமிடத்தில் இருந்த இருவர், அவருடைய அந்தரங்கப் படங்களை எடுத்து அவருடைய பேஸ்புக்கிலேயே போட்டுவிட்டார்கள். அதற்காக ஆப்பிள் பெரிய தொகை நஷ்டஈடு கொடுத்த செய்தி 2021 இல் வெளியே வந்தது. அடுத்தது, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்ட ஆய்வு. லெப்டொப்களில் சின்னக் கோளாறு ஒன்றை உண்டாக்கி, கடைகளில் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பதிவாகும்படி செய்திருந்தார்கள். ஆறு கடைகளில் சொந்த விஷயங்களைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு இடங்களில் வெளியே பிரதி எடுத்திருந்தார்கள். பெட்டரி மாற்றுவது போன்ற, பாஸ்வேர்டே தேவைப்படாத வேலைக்கும் பெரும்பாலான கடைகள் பாஸ்வேர்ட் கேட்டிருந்தன.

நம்மூரில் போன் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். உங்களில் பலர் என்னிடம் படித்த பிள்ளைகள். பெரும்பாலானோர் நேர்மையாக உழைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓர் அமானிதத்தைப் பாதுகாக்க ஒருவருடைய நல்ல மனசை மட்டும் நம்பி இருக்கும்படி வைக்கக் கூடாது. முறையும் அப்படி இருக்க வேண்டும். அது உங்களுக்கும் பாதுகாப்பு. நாளைக்கு எங்கேயோ ஒரு படம் வெளியானால், பாஸ்வேர்ட் வாங்கியவர் என்று உங்கள் பேரும் அடிபடும்.

இன்னொன்று. முன் கெமரா வேலை செய்கிறதா என்று பார்க்கப் பாஸ்வேர்டே தேவையில்லை. லொக் திரையிலேயே கெமரா அடையாளம் இருக்கிறது. அதை இழுத்தால் கெமரா திறக்கும், முன்பக்கமும் திருப்பலாம், பழைய படங்கள் எதுவும் தெரியாது. "பாஸ்வேர்ட் இல்லாம செக் பண்ணேலா" என்று யாராவது சொன்னால் இதைச் செய்து காட்டுங்கள்.

இனி, எப்படி.

தங்கச்சியுடையது சில வருஷம் பழைய சாம்சங். பிரிக்க முதல், கெமரா உண்மையிலேயே பழுதா என்று பார்த்தோம். மேலே ஒட்டிய டெம்பர் கண்ணாடி, கவரின் ஓரம் மறைக்கிறதா? இல்லை. வட்ஸ்அப்பில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? எல்லாவற்றிலும். போனை ஓஃப் செய்து போட்டால், கெமரா எப்பின் கேஷைத் துடைத்தால்? அதே கறுப்பு. பல சாம்சங் போன்களில் டயல் செய்யும் இடத்தில் *#0*# அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் வரும், அதில் முன் கெமராவைத் தனியாகப் பார்க்கலாம். அதிலும் கறுப்பு. ஆக பழுது பொருளில்தான்.

மாடல் இலக்கம் போனின் செட்டிங்ஸில் இருக்கிறது. அதைச் சொல்லி, கொழும்பில் வேலை செய்யும் மாமியின் மகனிடம் புறக்கோட்டையில் வாங்கி அனுப்பச் சொன்னோம். கெமராத் துண்டு 1,400 ரூபா. சின்ன ஸ்குரூ டிரைவர் செட் 900 ரூபா. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் 350 ஐத் தாண்டிய பிறகு, புதுப் போன் என்பது நம் சம்பளத்துக்கு எட்டாத கதை என்று உங்களுக்கே தெரியும்.

பிள்ளை நித்திரையான பிறகு, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தோம். சிம், மெமரி கார்ட் வெளியே. பெட்டரியில் சார்ஜ் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது போனை ஓஃப் செய்தோம், ஏனென்றால் சார்ஜ் நிறைந்த லித்தியம் பெட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம். ஹெயார் ட்ரையரால் பின்மூடியின் ஓரங்களைச் சூடாக்கினால் பசை இளகும். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் துண்டை விட்டுச் சுற்றி வரவேண்டும். கத்தி கூடவே கூடாது.

உள்ளே ஸ்குரூக்கள். எல்லாம் ஒரே மாதிரித் தெரியும், நீளம் வேறு. நீளமானதைக் குட்டையான துளைக்குள் முறுக்கினால் உள்ளே இருக்கும் போர்டே போய்விடும். அதனால் ஒரு தாளில் போனின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்குரூ எங்கே இருந்ததோ அங்கேயே டேப்பால் ஒட்டிவைத்தேன். கலாசாலையில் படிக்கும்போது தவளை அறுக்கும் வகுப்பில் பழகிய பழக்கம் அது. எடுத்ததை எடுத்த இடத்தோடு சேர்த்து வை.

நடுத்தட்டைக் கழற்றியதும் முதல் வேலை பெட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. அதற்குப் பிறகுதான் வேறு எதையும் தொடலாம். முன் கெமரா ஒரு சின்னச் சதுரம், அதிலிருந்து ஒரு பட்டி, பட்டியின் நுனியில் அழுத்திப் பூட்டும் இணைப்பு. சட்டைப் பொத்தான் போலத்தான். பிளாஸ்டிக் நுனியால் நெம்பினால் கழன்று வரும். புதியதை நேராக வைத்து அழுத்தினால் "டிக்" என்று பூட்டும். கெமராக் கண்ணில் விரல் படக் கூடாது, தூசி போகக் கூடாது. மூடி ஒட்ட முதலே பெட்டரியை இணைத்து ஓன் செய்து பார்த்துவிட வேண்டும்.

அதுவரை உம்மா கதவோரத்தில் நின்று, "பொம்பளப் புள்ளைகளுக்கு ஏன் இந்த வேல, எரிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கெமரா திறந்ததும் முதலில் அதில் தெரிந்தது எட்டிப் பார்த்த உம்மாவின் முகம்தான். உடனே முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

அன்றிரவு மச்சான் எடுத்தபோது நாங்கள் பக்கத்து அறையில். மகள் "பா" என்று கத்தியது கேட்டது. பிறகு தங்கச்சி எழும்பி வந்து அறைக் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவ்வளவு போதும்.

எல்லாப் போனிலும் இது இப்படி லேசு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலவற்றில் போர்டையே தூக்க வேண்டும். முகத்தால் திறக்கும் ஐபோன்களில் முன்பக்கக் கெமராத் தொகுதி அந்தப் போனின் போர்டோடு பிணைக்கப்பட்டது, வேறொன்றை மாற்றினால் ஃபேஸ் ஐடி போய்விடலாம். தண்ணீர் தாங்கும் போனைத் திறந்தால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. பெட்டரி உப்பியிருந்தால் கை வைக்கவே வேண்டாம்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் உதாரணம். 2013 இல் தொடங்கிய அந்தக் கம்பனியின் போன்களில் சாதாரண ஸ்குரூ டிரைவர் ஒன்றால் வீட்டுக்காரரே பல பாகங்களை மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதுச் சட்டம். அங்கே விற்கும் புதிய போன் மாடல்களுக்கு, விற்பனை நிறுத்திய பிறகும் ஏழு வருஷத்துக்கு உதிரிப்பாகங்கள் கிடைக்கச் செய்யவேண்டும். நமக்கு அது வரும்வரை புறக்கோட்டைதான்.

வீட்டில் திருத்த முடியாதவர்கள் கடைக்குத்தான் போகவேண்டும். அவர்களுக்குச் சில வழிகள். சாம்சங் 2022 இலிருந்து பல மாடல்களுக்கு "மெயின்டனன்ஸ் மோட்" என்று ஒன்று கொடுத்திருக்கிறது. செட்டிங்ஸில் டிவைஸ் கெயார் பகுதிக்குள் தேடுங்கள். அதைப் போட்டால் போன் புதுசு போலத் திறக்கும், உங்கள் படமும் மெசேஜும் தெரியாது, உங்கள் லொக்கைப் போட்டால்தான் பழையபடி வரும். கூகுள் பிக்ஸலிலும் 2023 டிசம்பர் முதல் "ரிப்பேர் மோட்" இருக்கிறது. தங்கச்சியின் பழைய போனில் அது இல்லை. அப்படியானால் எல்லாவற்றையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு, போனைத் துடைத்துக் கொடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் வீட்டில் வையுங்கள். முடிந்தால் முன்னால் இருந்து திருத்தி எடுங்கள்.

இதையெல்லாம் மீறி யாராவது உங்கள் படத்தை வைத்து மிரட்டினால், வாயை மூடிக்கொண்டு காசு கொடுக்காதீர்கள். இந்த நாட்டில் 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கு 1938 உதவி இலக்கம் இருக்கிறது. வீட்டில் உள்ள ஆண்களுக்கு ஒரு வார்த்தை. அப்படி ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், "ஏன் அந்தப் படத்தை எடுத்தாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் சொல்லாமலே இருக்கிறார்கள்.

கடைசியாக, பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஓ லெவல் முடித்துவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தையல், கேக் மட்டும்தான் என்று முடிவு கட்டாதீர்கள். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் போன் திருத்தும் பாடநெறியும் இருக்கிறது. நம்மூரில் ஒரு பெண் பிள்ளை அதைப் படித்துத் தன் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டால், எத்தனை தாய்மார் நிம்மதியாகப் போனைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று இந்த ஒரு வாரத்து இன்பொக்ஸே எனக்குச் சொல்லிவிட்டது.

உங்கள் போனில் மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தேடிக் கிடைக்காவிட்டால் மாடலைக் கொமெண்டில் போடுங்கள், பேப்பர் திருத்தி முடிந்ததும் பார்த்துச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ். பேஸ்புக் இல்லாத உம்மாமாருக்கு இதை வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.