சட்டை கிழியலையே, நன்னா!

ஒன்பது வயதில் குர்ஆன் ஓதி முடித்தேன். அம்மா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். எழுத்துப் பிசகாமல் ஓதுவேன். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஓதுவது வேறு, விளங்குவது வேறு என்று உறைக்க எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. பொருள் தெரியாமல் ஓதினாலும் நன்மை உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் அதே பழக்கத்தில் பிள்ளை தமிழ்ப் பாடத்தையும் திறக்கும்போதுதான் சிக்கல். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள்வழிப் பேரன் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி வாசிப்பான். என்ன படித்தாய் என்றால் முழிப்பான்.

ஒருநாள் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு, சிறுவர்களுக்கான யூசுஃப் நபி கதைப் புத்தகத்தை எடுத்துவைத்தேன். கேட்டுப் பழகிய கதை. அடுத்து என்ன என்ற பதற்றம் இருக்காது. மூஸா நபியின் வரலாறு குர்ஆனில் பல அத்தியாயங்களில் பரவிக் கிடக்கும். யூசுஃப் நபியின் வரலாறோ 12ஆம் அத்தியாயத்தில், 111 வசனங்களுக்குள் கோவையாக வருகிறது. சின்னப் பிள்ளைக்கு நூல் பிடித்துப் போக வசதி.

அண்ணன்மார் தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, சட்டையில் பொய் இரத்தத்தைத் தடவி எடுத்து வருகிறார்கள். ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். தந்தை யஃகூப் நபி நம்பவில்லை. அங்கே நிறுத்தினேன்.

“அத்தா ஏன் நம்பலை?”

பக்கத்தைத் துழாவினான். “போடலையே நன்னா.” தாத்தாவான என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

“போட்டிருக்காது. நீதான் கண்டுபிடிக்கணும்.”

விரல் வைத்து மறுபடி வாசித்தான், இந்த முறை மெதுவாக. விரல் ‘சட்டை’யில் நின்றது.

“ஓநாய் தின்னா சட்டை கிழிஞ்சிருக்கணுமே! கிழியலையே, நன்னா!”

எனக்கு மெய்சிலிர்த்தது. குர்ஆன் விரிவுரையாளர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொன்ன விளக்கம் அது. இவன் தஃப்சீர் படித்தவனில்லை. வரியை நிதானமாகப் படித்தான், அவ்வளவுதான்.

“இது குர்ஆனில் நேராகச் சொன்னதில்லை, நாம் ஊகித்தது” என்றும் சொல்லிவைத்தேன். இரண்டையும் பிரித்தறிவதும் வாசிப்பில் சேர்த்திதான்.

பிறகு அவனே சட்டையைத் துரத்திக்கொண்டு போனான். எகிப்தில் பின்பக்கம் கிழிந்த சட்டை யூசுஃப் நபி குற்றமற்றவர் என்று காட்டியது. கடைசியில், அழுது பார்வை போன தந்தையின் முகத்தில் போட்ட சட்டை கண்ணொளியைத் திருப்பித் தந்தது. “மூணு சட்டை!” என்று விரல் மடக்கினான்.

என் மகனுக்கும் நபிமார் கதைகள் சொன்னவன்தான் நான். ஒவ்வொன்றும் முடிந்ததும், “இதிலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்பேன். எந்தக் கதையானாலும் “பொய் சொல்லக் கூடாது” என்பான். நானும் மகிழ்ந்துபோவேன். கதையைக் காதில் வாங்காமலே சொல்லக்கூடிய பதில் அது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. நீதியை அவசரப்பட்டுக் கேட்டால் பிள்ளை நமக்குப் பிடித்ததைச் சொல்லும். சட்டையைக் கேளுங்கள், கிணற்றைக் கேளுங்கள். நீதி பின்னாலேயே வரும்.

பேரன் இப்போது பாடப் புத்தகத்தையும் நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்கிறான். மெதுவாகப் படிக்கிறானே என்று மகளுக்குக் கவலை. ரயில் நின்றால்தானே அம்மா, ஆள் ஏற முடியும்?