எந்தப் பெயரில் கையெழுத்து?

ஓய்வுபெற்ற பேஸ்பால் வீரர்களிடம் தபாலில் கையெழுத்து வாங்குவது அமெரிக்காவில் பழைய பொழுதுபோக்கு. ஒரு கடிதம், இரண்டு வெள்ளை அட்டைகள், நம் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய பதில் உறை. இவ்வளவையும் பெரிய உறைக்குள் போட்டு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பத்து நாளில் பதில் வரலாம், இரண்டு வருடம் கழித்தும் வரலாம், வராமலே போகலாம். ஆண் வீரர்களின் வீட்டு முகவரிகளைத் தொகுத்துப் புத்தகமாகவே விற்கிறார்கள். பேர்பெற்றவர்கள் பலர் கட்டணம் வாங்குவார்கள். அட்டையில் போட்டால் ஒரு விலை, பந்தில் போட்டால் ஒரு விலை.

நான் எழுதியது பெண்களுக்கு. பேஸ்பாலில் பெண்களா என்று இங்குள்ளவர்களே இன்னும் கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போய்க்கொண்டிருந்த 1943இல், சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளரும் சூயிங்கம் முதலாளியுமான ஃபிலிப் ரிக்லி பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக்கைத் தொடங்கினார். 1954 வரை 12 பருவங்கள் நடந்தது. 600க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினார்கள். வாரச் சம்பளம் 45 முதல் 85 டாலர் வரை. அதற்கு ஈடாக அவர்களிடம் கேட்கப்பட்டவையும் உண்டு. முடியைக் குட்டையாக வெட்டக் கூடாது, வெளியே போகும்போது கால்சட்டை போடக் கூடாது, லிப்ஸ்டிக் பூச வேண்டும். சீருடையோ குட்டைப் பாவாடை. மண்ணில் சறுக்கி அடுத்த பேஸைத் தொடும்போது தொடைத் தோல் வழன்றுவிடும். அந்தச் சிராய்ப்புக்கு ‘ஸ்ட்ராபெரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ராசீன் பெல்ஸ் அணியின் சோஃபி குரிஸ் அந்தப் பாவாடையோடுதான் 1946ஆம் ஆண்டுப் பருவத்தில் 201 பேஸ்களைத் திருடினார். ஆண்களின் நவீன காலச் சாதனையே, 1982இல் ரிக்கி ஹெண்டர்சன் திருடிய 130தான்.

இந்தப் பெண்களுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவர்களைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை என்று. ஆண் வீரரின் பெயர் மைதானத்திலும் தொலைபேசிப் புத்தகத்திலும் கல்லறையிலும் ஒன்றுதான். பெண்களுக்கு அப்படியில்லை. கல்யாணம் ஆனதும் குடும்பப் பெயர் போய்விடுகிறது. மறுமணம் செய்தால் இன்னொரு முறை மாறுகிறது. லீக் மூடியபின் தோழிகளே ஒருவரையொருவர் தொலைத்துவிட்டார்கள். 1980 வாக்கில் ஜூன் பெப்பஸ் என்ற முன்னாள் வீராங்கனை தனக்குத் தெரிந்த முகவரிகளை வைத்துக்கொண்டு ஒரு செய்தி மடலை அனுப்பத் தொடங்கினார். ஒருத்திக்குத் தெரிந்த இன்னொருத்தி, அவளுக்குத் தெரிந்த வேறொருத்தி என்று வலை விரிந்தது. 1982இல் சிகாகோவில் கூடினார்கள். 1988இல் கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் பேஸ்பால் பெண்களுக்கான காட்சி திறந்தது. ஹாலிவுட் படம் வந்தது அதற்கும் பின்னால், 1992இல். படம்தான் இவர்களைக் கண்டுபிடித்தது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

எனக்கு வந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது நீளமான கையெழுத்து. இயற்பெயர், மேற்கோள் குறிக்குள் பட்டப்பெயர், பிறந்த வீட்டுப் பெயர், பிறகு கணவரின் பெயர். கீழே அணியும் ஆடிய வருடங்களும். சிலர் கணவர் பெயரை விட்டுவிடுவார்கள். சவுத் பெண்ட் அணியின் பந்துவீச்சாளர் ஜீன் ஃபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாத ‘பெர்ஃபெக்ட் கேம்’ இரண்டு வீசியவர், 1951இலும் 1953இலும். அந்த இரண்டு வருடங்களிலும் அவருடைய அணியின் மேலாளர் அவருடைய கணவர் கார்ல் வின்ஷ். பின்னாளில் அந்த மணம் முறிந்தது, வேறொரு குடும்பப் பெயரும் வந்தது. பேஸ்பால் உலகத்துக்கு அவர் கடைசிவரை ஜீன் ஃபாட்.

என் பதில் உறைகளில் நான் எழுதியது என் கணவரின் பெயரை. ஊரில் அப்பாவின் முதலெழுத்தோடு இருந்தவள் நான். கடவுச்சீட்டில் அந்த எழுத்து போய்க் கணவரின் பெயர் குடும்பப் பெயராக வந்து உட்கார்ந்தது. அடுக்ககத் தபால் பெட்டியில் ஒட்டியிருந்ததும் அது மட்டும்தான். விஸ்கான்சினிலிருந்து ஒரு மூதாட்டி அட்டையில் கையெழுத்திடாமல் சின்னத் தாளில் கேட்டு எழுதியிருந்தார்: இது உன் பெயரா, உன் வீட்டுக்காரர் பெயரா? உன் பெயரைச் சொன்னால் அதற்குப் போட்டுத் தருகிறேன். நான் அனுப்பிய பேனாவையும் பத்திரமாகத் திருப்பியிருந்தார். என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பிவிட்டு, தபால் பெட்டியிலும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டினேன். தபால்காரருக்குக் குழப்பமாகும் என்றார் கணவர். தபால்காரருக்கு ஒரு குழப்பமும் வரவில்லை.

அந்த 12 பருவங்களில் லீக்கில் ஒரு கறுப்பினப் பெண்கூட ஆடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேமி ஜான்சன் பதின்பருவத்தில் தேர்வுக்குப் போய், கறுப்பினப் பெண் என்பதால் திருப்பி அனுப்பப்பட்டார். 1953 முதல் 1955 வரை நீக்ரோ லீக்கின் இண்டியானாபொலிஸ் க்ளௌன்ஸ் அணியில் ஆண்களோடு ஆண்களுக்கு எதிராகப் பந்து வீசினார். பிறகு நெடுங்காலம் செவிலியராக இருந்தார். 2017இல் காலமானார். கையெழுத்தில் ‘பீனட்’ என்று வேர்க்கடலைப் பட்டப்பெயரைச் சேர்த்துக்கொள்வார். உருவத்தைக் கேலி செய்து வந்த பெயர். அவர் அதையே தன் முத்திரையாக்கிக்கொண்டார்.

பியோரியா அணியில் ஆடிய டெரி டோனஹ்யூவும் அவர் காதலி பேட் ஹென்ஷலும் தங்கள் உறவைப் பல பத்தாண்டுகள் குடும்பத்துக்குக்கூடச் சொல்லாமல் வாழ்ந்தார்கள். 2020இல் வந்த ‘எ சீக்ரெட் லவ்’ ஆவணப்படம் அவர்களைப் பற்றியது. ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களின் அடிப்பகுதியை, பெயர் இருக்கும் இடத்தை, கிழித்துவிடுவார்களாம், யார் கையில் சிக்கினாலும் ஆள் தெரியக் கூடாதென்று. கையெழுத்து வியாபாரி ஒருவரிடம் அப்படிப்பட்ட கடிதத்தைக் காட்டினால் காகித விலைகூடத் தரமாட்டார்.

படம் பார்த்த இரவு என் பெட்டியைத் திறந்து ஒரு பழைய உறையைத் தேடி எடுத்தேன். நான் ஒருவருக்குத்தான் எழுதியிருந்தேன். உள்ளே இரண்டு அட்டைகள், இரண்டு கையெழுத்துகள். தன் தோழியும் அதே அணியில் ஆடியவள், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அதனால் இரண்டாவது அட்டையை அவளிடம் கொடுத்தேன் என்று ஒரு வரி. நன்றிக் கடிதத்தை அப்போது இருவர் பெயருக்குமாகத்தான் அனுப்பியிருந்தேன். அதற்குப் பதிலாக அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்த வாழ்த்து அட்டையிலும் இரண்டு பெயர்கள், ஒரே பேனாவில்.