செல்லூரில் நின்ற ஓட்டம்

விளாங்குடியில் எங்கள் ஓட்டக் குழுவில் பதினான்கு பேர். சனி, ஞாயிறு விடியற்காலையில் பாத்திமா கல்லூரி அருகே கூடுவது வழக்கம். 2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை பிற்பகல் மதுரையில் 15 நிமிடங்களில் 4.5 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் ஓடுவதா வேண்டாமா என்று அன்றிரவு எங்களுக்குள் விவாதம். நண்பர் ஒருவர் 2018ஆம் ஆண்டின் பாஸ்டன் மாரத்தானை எடுத்துவைத்தார். கடுங்குளிரிலும் எதிர்க்காற்றிலும் கொட்டும் மழையிலும் அன்று வென்ற யுகி கவாவுச்சி, ஜப்பானில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பேர்பெற்ற ஓட்டக்காரர்கள் பலர் பாதியிலேயே விலகிவிட்டனர். எழுத்தருக்கு இயன்றது விரிவுரையாளனுக்கு இயலாதா என்று எனக்கும் ரோஷம் வந்தது. (நாற்பதைக் கடந்தவர்களுக்கு இவ்வகை ரோஷம் எளிதில் வரும்.)

சனிக்கிழமை ஏழு பேர் வந்தோம். கூடல் நகர், தத்தனேரி வழியாக ஓடினோம். தேங்கிய நீரில் கால் பதியும்போதெல்லாம் சிறுவர்களைப்போல ஆர்ப்பரித்தோம்.

செல்லூருக்குள் அந்த ஆர்ப்பரிப்பு தானாக அடங்கியது. தெருக்களில் முழங்காலளவு நீர். குடத்தாலும் வாளியாலும் வீட்டிலிருந்து நீரை இறைத்துக்கொண்டிருந்தவர்கள் இரவெல்லாம் உறங்கியிருக்கவில்லை. எங்கள் உடம்பிலோ கண்ணைப் பறிக்கும் பச்சை பனியன்கள். வாசற்படியில் நின்ற ஓர் அம்மாள், கோபமோ கேலியோ இல்லாமல், “ஓடுறதுக்குத் தெம்பு இருக்குல்ல சார், இந்த மூட்டையை மாடிக்கு ஏத்திக் குடுத்துட்டு ஓடுங்க” என்றார்.

இருவர் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் திரும்பினர். ஐவர் நின்றோம். இரண்டு அரிசி மூட்டைகள், ஒரு தையல் இயந்திரம், கால் இற்றுப்போன பீரோ. அந்த வீட்டுப் பெண்ணின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் ஊறிப் பருத்திருந்தது. பக்கம் பக்கமாகப் பிரிக்க முயன்றேன், கிழிந்தது. “விடுங்க சார், பள்ளிக்கூடத்துல வேற குடுப்பாங்க” என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் ஆரப்பாளையம். ஆவணி தோறும் பிட்டுத் திருவிழா நடக்கும் இடம். வையை உடைப்பெடுத்தபோது வந்தி என்னும் முதியவளின் பங்குக் கரையை அடைக்கக் கூலியாளாக வந்த இறைவன், பிட்டைத் தின்றுவிட்டு ஆடிப் பாடி ஓடித் திரிந்து பிரம்படி பட்டான். அடி எல்லோர் முதுகிலும் விழுந்ததைத்தான் வகுப்பில் விரிவாகச் சொல்வேன். அவன் கொட்டிய ஒரு கூடை மண்ணில் உடைப்பு அடைபட்டதை ஒரு வரியில் கடந்துவிடுவேன். பத்து மணி வரை நாங்கள் ஐவரும் இறைத்தும் அந்தக் கூடத்தில் கணுக்காலளவு நீர் நின்றது. வாய்க்கால் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. மாடி வீட்டுக்காரர் தேநீர் கொடுத்தார். கூலியை முதலில் வாங்கிவிட்டவனைப்போலக் குடித்தேன்.

ஞாயிறன்று பதினொரு பேர் வந்திருந்தனர். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் கேட்கவில்லை. பரவை தாண்டி, சமயநல்லூர் வரை ஓடித் திரும்பினோம்.